பூர்ணிமா பார்க்காத உறைபனி

பகல் ஒன்று பத்துக்குப் போன் வந்தபோது பூர்ணிமா கருப்புப் பைகளில் எருமண் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையை ஒட்டியிருந்த கோவிந்தசாமியின் நர்சரியில் ஆறு வருடமாக அவளுக்கு வேலை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். பிரான்சிலிருந்து அவள் கணவன் அரிகிருஷ்ணன்.

"பூர்ணி, செடி ஒரு மாதிரியா இருக்குது."

"எந்தச் செடி?"

"நம்ம கறிவேப்பிலை. எல எல்லாம் கருத்துப் போய், எண்ணெயில வதக்கின மாதிரி தொங்குது."

"தண்ணி வுட்டீங்களா?"

"நேத்து வுட்டேன். அது அப்படியே இறுகிடுச்சி. மண்ணு கல்லாட்டம் கெடக்குது, விரலால குத்த முடியல. இங்க மைனஸ் எட்டு."

மைனஸ் எட்டு என்பதைப் பூர்ணிமாவால் ஒரு எண்ணாகத்தான் நினைக்க முடிந்தது. அன்றைக்கு விடியற்காலை புதுச்சேரியில் இருபது டிகிரி. அதற்கே அவள் அம்மா காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போனாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"பின்னாடி. தோட்டத்துல."

"உள்ள தூக்கி வையுங்க. மொதல்ல அதைச் செய்யுங்க."

"வெக்கறேன்" என்றான். அதற்குள் அவனுடைய போன் கார்டில் நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

அது 2009 ஜனவரி, முதல் வாரம். அவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணத்துக்கு வந்தவன் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்றை வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பியவள் பூர்ணிமாதான். அது அவளே விதை போட்டு முளைக்க வைத்த கன்று. சார்செல் என்ற ஊரில், பின்னால் தோட்டம் வைத்த வீட்டில் இருப்பதாக அவன் சொல்லியிருந்தான். முதல் குளிருக்குச் செடி வீட்டுக்குள் இருந்தது. பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றித் தோட்டத்துச் சுவரோரம் வைத்ததாகவும், முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டதாகவும் சொன்னான்.

அவள் போக வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவில் ஏற்ற அவன் ஒரு மனுவில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் கன்சுலேட்டுக்கு வந்த பிறகுதான் இவளுக்கு விசா. அனுப்பிவிட்டேன், அங்கேதான் தாமதம், நீ போய்க் கேட்காதே என்று அவன் சொல்லியிருந்தான். பதினாலு மாதமாகப் பூர்ணிமா போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்கிற மாதிரி இருந்தாள். புதுச் செருப்பு வாங்க வேண்டியிருந்தால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். பல் வலித்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேலையில்லாத நேரத்தில் நர்சரி ரசீதுகளின் பின்பக்கத்தில் அந்தத் தோட்டத்தை வரைவாள். சுவரோரம் பாகல் பந்தல், அதன் நிழலில் கொத்தமல்லி, மூலையில் ஒரு முருங்கை.

"அண்ணே, மைனஸ் எட்டுக்குக் கறிவேப்பிலை தாங்குமா?" என்று கோவிந்தசாமியிடம் கேட்டாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நான் ஊட்டிக்கே ஒரே ஒரு தடவதான் போயிருக்கேன். அதுவும் மே மாசம். என்னைப் போய்க் கேக்கறியே."

அன்றைக்கு மிச்ச நேரம் அவளுக்கு வேலை ஓடவில்லை. நிரப்பிய பையையே மறுபடி கொட்டி நிரப்பினாள். மூடுபனியில் ரோஜா இலைகளில் சாம்பல் பூக்கும், அதற்கு மருந்து தெரியும். கடல் காற்றின் உப்பில் குரோட்டன் ஓரம் கருகும், அதற்கும் தெரியும். மண்ணே கல்லாக இறுகினால் வேர் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. தெரியாததைப் பற்றி எத்தனை நேரம் யோசிப்பது. ஐந்து மணிக்குக் கிளம்பும்போது மூன்று சிறிய கறிவேப்பிலைக் கன்றுகளைப் பையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒரு கன்றுக்கு நிறையத் தண்ணீர் விட்டாள். ஒன்றைக் காய்ந்த மண்ணோடு விட்டாள். மூன்றாவதைப் பேப்பரில் நான்கு சுற்றுச் சுற்றினாள். மூன்றையும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் வைக்கும் இடத்தில் சாய்த்து வைத்துக் கதவை மூடினாள். அவள் அம்மா அஞ்சலாட்சி இட்லி மாவை உள்ளே வைக்க வந்தவள் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது?"

"செடிம்மா."

"செடின்னு தெரியுது. ஐஸ் பெட்டியில எதுக்கு செடி?"

"அவருகிட்ட இருக்கற செடி குளுருல கருகுதாம். எப்படிக் கருகுதுன்னு பாக்கணும்."

அஞ்சலாட்சி மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மண்ணு கொட்டாம பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவுப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

காலையில் திறந்தபோது இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. முன்பைவிடப் பளபளப்பாக, கண்ணாடியில் செய்தது போல விறைப்பாக நின்றன. பூர்ணிமாவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஒரு இலையைத் தொட்டாள், அது ஒடிந்தது. கன்றுகளை வெளியே எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் குளித்து வந்து பார்ப்பதற்குள் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. பச்சை கறுத்து, ஈரம் கசிந்து, ஒவ்வொன்றாகத் தொங்கின. எண்ணெயில் வதக்கின மாதிரி என்று அவன் சொன்னது சரிதான். தண்ணீர் விட்டது, விடாதது இரண்டும் ஒரே கதியில் இருந்தன. பேப்பர் சுற்றியதில் மட்டும் அடியில் இரண்டு இலை பிழைத்திருந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலுக்கு ஆகுமா என்று கேட்டாள்.

வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியை வசந்தா வீட்டுக்குத் திருப்பினாள். வசந்தா நர்சரிக்கு வாடிக்கை. நாற்பத்தைந்து வயது. இருபது வருடமாக பிரான்சில் இருப்பவள், ஒவ்வொரு டிசம்பரிலும் குளிருக்குப் பயந்து மூலக்குளத்து வீட்டுக்கு வந்து மார்ச்சில் திரும்புவாள். தெருவில் எல்லாரும் குரங்குக் குல்லாயில் இருக்க, அவள் கையில்லாத நைட்டியோடு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பூர்ணிமா சொன்னதைக் கேட்டுவிட்டு, "உள்ள வா" என்றாள். "அந்த ஊர்ல இதை ஜெல்னு சொல்லுவாங்க. உறைபனி. ஒரு ராத்திரி போதும், ஜெரேனியம் பூச்செடி எல்லாம் கஞ்சியாயிடும். வெளிய வெச்சவன் மேலதான் தப்பு. நவம்பர்லயே உள்ள எடுத்திருக்கணும்."

"இப்ப என்னக்கா பண்றது?"

"உள்ள எடுத்தாச்சா? ஷோஃபாஜ் பக்கத்துல வெக்கச் சொல்லாத. வீட்டைச் சூடு பண்ற இரும்புப் பெட்டி இருக்குமே, அது கிட்ட வெச்சா மிச்சமும் காஞ்சுடும். வெயில் வர்ற ஜன்னலா பாத்து வெக்கணும். தொட்டியைத் தரையில வெக்கக் கூடாது, கீழ ஒரு பலகை குடுக்கணும். மண்ணு தானா இளகட்டும். வெந்நீர் கிந்நீர் ஊத்திடப் போறாரு. சூப்பர்மார்க்கெட்ல வுவால்னு வெள்ளையா ஒரு மெல்லிசு துணி விக்கும், அதைச் சுத்தி வுடலாம்."

பூர்ணிமா எல்லாவற்றையும் ரசீதுத் தாளில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கும் ஒன்றேகாலுக்கு அவன் கூப்பிட்டான். செப்டம்பரிலிருந்து இந்த நேரத்தில்தான் கூப்பிடுகிறான். வேலை பார்க்கும் கிடங்கில் இரவு ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள், காலையில் வந்து பேசிவிட்டுத் தூங்குவேன் என்று சொல்லியிருந்தான். அவள் தாளைப் பார்த்து வரிசையாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றான்.

"வெயில் எந்த ஜன்னல்ல வரும்?"

"ஜன்னலா?" கொஞ்சம் நேரம் ஆனது. "அடுப்படியில வரும்."

"முந்தி அடுப்படி இருட்டுன்னு சொன்னீங்க. பகல்லயே லைட் போடணும்னு."

"குளுருகாலத்துல வரும் பூர்ணி. சூரியன் தாழ வரும் இல்ல."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு போட்டோ எடுத்து மெயில் பண்ணுங்க. எப்படி வெச்சிருக்கீங்கன்னு பாத்தாத்தான் எனக்குச் சொல்ல வரும்" என்றாள். அவன் நாளைக்கு என்றான். மறுநாள், கேமராவில் பேட்டரி இல்லை என்றான். அதற்கு மறுநாள் அவள் மூன்று தடவை மிஸ்டு கால் கொடுத்தாள். சாயங்காலம் சாலையோர பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தபோது மெயில் வந்திருந்தது. ஒரு வரியும் இல்லை, படம் மட்டும். கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக வசந்தாவிடம் போனாள்.

வசந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை விளக்குக்குக் கீழே பிடித்தாள். செடி ஜன்னலோரமாக ஒரு இரும்பு அலமாரியின் மேல் இருந்தது. மேல்பாதி கறுத்துச் சுருண்டிருந்தது. அடியில் பலகை இருந்தது, துணியும் சுற்றியிருந்தான்.

"சொன்ன மாதிரிதான் வெச்சிருக்காரு" என்றாள் வசந்தா. பிறகு படத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். செடிக்குப் பின்னால் சுவரில் ஒரு அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது.

"என்னக்கா போட்டிருக்குது?"

"ராத்திரி பத்து மணிக்கு மேல வெளியாளுங்க தங்கக் கூடாது. ரூம்ல சமைக்கக் கூடாது. கட்டிலை வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கக் கூடாது. கீழ நிர்வாகம்னு போட்டிருக்கு." வசந்தா கண்ணாடியைக் கழற்றினாள். "இது வீடு இல்ல பூர்ணிமா. ஃபுவாயே. தனியா வேலைக்கு வந்த ஆம்பளைங்க தங்கற விடுதி."

பூர்ணிமா படத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"யாராவது ஃப்ரெண்டு ரூம்ல வெச்சிருப்பாரு. அங்க ஷோஃபாஜ் நல்லா இருக்கும்னு நெனைச்சிருக்கலாம்" என்றாள் வசந்தா.

"ஆமாக்கா. அப்படித்தான் இருக்கும்."

ஆனால் படத்தின் கீழ்மூலையில் ஒரு கட்டிலின் ஓரம் தெரிந்தது. அதன்மேல் ஊதாக் கட்டம் போட்ட போர்வை மடித்துக் கிடந்தது. அந்தப் போர்வையைக் கல்யாணத்துக்கு அவள் அம்மா கைத்தறிக் கடையில் வாங்கிக் கொடுத்தாள். பூர்ணிமா பிரிண்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காபி குடித்துவிட்டுப் போ என்று வசந்தா சொன்னதற்கு, நர்சரியில் வேலை இருக்கிறது என்றாள். நர்சரி மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைத் திறப்பு விழாவுக்கு இருபது அரளித் தொட்டிகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவள் இருபது குரோட்டன் தொட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். கோவிந்தசாமி திட்டவில்லை. "ஒடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா" என்றார். வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இந்திரா காந்தி சிலையைச் சுற்றி, ஊருக்குள் போய், கடற்கரை வரைக்கும் போய் நின்றாள். உட்காரப் பிடிக்கவில்லை. கிளம்பி முத்தியால்பேட்டை வழியாக வந்து, பெட்ரோல் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு வந்த பிறகுதான் வண்டியை மூலக்குளத்துக்குத் திருப்பினாள்.

ஒன்றேகால் மணிக்குப் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அவனுக்கு வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று ஒரு நேரம் தோன்றும். வேறு ஆள் இருப்பவன் ஆண்கள் விடுதியில் கட்டில் போட்டுப் படுப்பானா என்று அடுத்த நிமிடம் தோன்றும். எதை நினைத்தாலும் அதற்கு எதிராக ஒன்று வந்து நின்றது. மூன்றாம் நாள் நர்சரியின் லேண்ட்லைன் அடித்தது. கோவிந்தசாமி எடுத்து, "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசைமேல் வைத்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பைப்பைத் திறக்கப் போகிறவர் போலக் கடைசிப் பாத்தி வரைக்கும் நடந்து போனார்.

அவள் ரிசீவரை எடுத்தாள்.

"பூர்ணி, எல எல்லாம் கொட்டிடுச்சி." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "வெறும் குச்சிதான் நிக்குது. செத்துடுச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது? அதான் கூப்பிட்டேன்."

கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் இருந்தன. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"கையில நகம் இருக்குதா?"

"இருக்குது."

"நுனியிலருந்து ஒரு ஜாண் கீழ, தண்டை லேசா கீறுங்க. மேல்தோலை மட்டும்."

போனில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

"கீறிட்டேன்."

"உள்ள என்ன நெறம்?"

"பழுப்பு."

"இன்னும் கீழ கீறுங்க."

"பழுப்புதான். காஞ்ச சுள்ளியாட்டம் இருக்குது."

"மண்ணுக்கு மேல ரெண்டு வெரக்கட விட்டு கீறுங்க. மெதுவா."

இப்போது நேரம் எடுத்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. யாரோ இருமினார்கள்.

"பச்சை மாதிரி இருக்குது. சரியாத் தெரியல. இங்க இன்னும் விடியல, ஜன்னல்ல வெளிச்சம் பத்தல."

"லைட்டைப் போட்டுப் பாருங்க."

"போட முடியாது. மத்தவங்க தூங்கறாங்க."

உளறிவிட்டது சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூர்ணிமா மேசைமேல் சிந்தியிருந்த வேப்பம்புண்ணாக்குத் தூளை ஒரு விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் குவித்தாள்.

"எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"நாலு பேரு."

"எப்பலருந்து?"

"செப்டம்பர்லருந்து."

பிறகு அவன் நிறுத்தாமல் சொன்னான். குரலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னதால் சில வார்த்தைகளை அவள் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் கிடங்கை மூடிவிட்டார்கள், நாற்பது பேருக்கு வேலை போய்விட்டது. தோட்டம் வைத்த வீடு அவனுடையது இல்லை, பெரியப்பா மகனுடையது. அதில் ஒரு அறை மட்டும் இவனுக்கு. வேலை போனதும் பேச்சு மாறியது, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி சொன்ன ஒரு வார்த்தைக்கு இவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் தொட்டி. விடுதியில் தொட்டிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் முற்றத்தில் வைத்திருந்தான். அங்கேதான் பனி பிடித்தது. இப்போது மற்ற மூன்று பேரிடம் கேட்டு உள்ளே வைத்திருக்கிறான்.

"தெனம் வேலை தேடி அலையறேன் பூர்ணி. ஒரு எடத்துல ரெண்டு நாள் குடுப்பாங்க, அப்புறம் இல்லன்னுடுவாங்க."

"கன்சுலேட்டுக்கு அனுப்பின பேப்பரு?"

"அது வந்து..." என்று இழுத்தான்.

"அனுப்பவே இல்லையா?"

"கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன். பெட்டியிலதான் இருக்குது. முதல்ல பத்திரம் ஒண்ணு கொறைஞ்சிது, அதனால தள்ளிப் போச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள வேலை போயிடுச்சி. அனுப்பிட்டா நீ கெளம்பி வந்துடுவ. வந்தா உன்னை எங்க வெக்கறது?"

"எங்க வெக்கறதுன்னு நீங்க மட்டும் உக்காந்து யோசிக்க, நான் என்ன தொட்டியா?" அவள் குரல் உயரவில்லை. ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "பதினாலு மாசமா இங்க எல்லார்கிட்டயும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். எங்கம்மா தெருவுல தலை நிமிந்து போறதில்ல. கன்சுலேட் பக்கம் போகாதன்னீங்க, போகல. இல்லாத தோட்டத்துல பந்தல் போட்டு ரசீது புக்கு பூரா வரைஞ்சி வெச்சிருக்கேன். வேலை போச்சுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உங்களை வுட்டுட்டா ஓடியிருப்பேன்?"

"வெக்கமா இருந்திச்சி."

பாத்திகளின் கடைசியில் கோவிந்தசாமி ஒரே செடிக்கு நெடுநேரமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்குங்க" என்றாள். "பச்சை தெரிஞ்ச எடத்துக்கு ஒரு வெரக்கட மேல வெச்சி, கத்தியால சாய்வா வெட்டிடுங்க. வெட்டின எடத்துல மெழுகுவத்தி ஒருக்கா உருக்கி வுடுங்க. மார்ச் வரைக்கும் தண்ணி வுடாதீங்க, மண்ணு தூசியாட்டம் போனா மட்டும் ஒரு கை தெளிங்க."

"சரி."

"அந்தப் பேப்பரை இன்னிக்கே அனுப்புங்க. முடியாதுன்னா டிக்கெட் எடுத்து இங்க வாங்க, நர்சரியில ஆள் வேணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி. பொய் சொல்லிக்கிட்டுத் தெனம் ஒண்ணேகாலுக்குப் போன் பண்றது மட்டும் வேணாம்."

அவன் சரி என்றான். அவள் நம்பவில்லை. இத்தனை மாதமாக அவன் சொன்ன ஒவ்வொரு சரியும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அஞ்சலாட்சி பொங்கலுக்கு வாங்கிய கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரை அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனுக்கு அங்க யாரு சமைச்சிப் போடறா?" என்று கேட்டாள். ரூமில் சமைக்கக் கூடாது என்று பூர்ணிமா சொன்னாள். "அப்ப இன்னா சாப்புடறான்?" என்றாள் அம்மா. அது பூர்ணிமாவுக்கும் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லையே என்று அன்றைக்கு முழுக்க உறுத்தியது.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் அவளே கன்சுலேட்டுக்குப் போனாள். ஜன்னலில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ஏதோ தட்டினாள், மறுபடி பார்த்தாள். மனு போன வாரம் வந்து சேர்ந்துவிட்டது, நான்கைந்து மாதம் ஆகும் என்றாள். பூர்ணிமா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது வேறு ஒரு பயம். இதுவரை வராத காகிதத்துக்குக் காத்திருந்தாள், இனி வரப்போகிற காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். வண்டிச் சாவியைப் பையில் தேடித் தேடிக் கடைசியில் அது கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

அரிகிருஷ்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிட்டான். என்ன சாப்பிட்டான், எங்கே வேலை கேட்டான், எங்கே இல்லை என்றார்கள் என்று சொன்னான். சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது, அதையும் சொன்னான். மார்ச் கடைசியில், "செடி துளிர்க்கல பூர்ணி. நேத்து புடுங்கிப் பாத்தேன். வேரெல்லாம் அழுகியிருக்குது" என்றான். தொட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கழுவி வைத்திருப்பதாகச் சொன்னான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அவன் அடுத்து ஒரு ஆபீஸ் சுத்தம் செய்யும் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு வேலை கிடைத்திருப்பதைச் சொன்னான். அதைப் பற்றித்தான் மிச்ச நேரம் பேசினார்கள்.

விசா ஆகஸ்டில் வந்தது. அக்டோபர் பத்தாம் தேதிக்கு டிக்கெட். அவன் ஆறாவது மாடியில் ஒரு அறை பிடித்திருந்தான். தோட்டம் இல்லை, பால்கனி இல்லை, ஜன்னல் ஒன்று, அது வடக்குப் பக்கம். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும் என்றும் சொன்னான். கேட்காமலேயே சொன்னான்.

கோவிந்தசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். "அக்டோபர்லயா? போய் எறங்கினதும் குளுருதான்."

"ஆமாண்ணே."

"பயமா இருக்குதா?"

"இருக்குது" என்றாள்.

வசந்தா மார்ச்சிலேயே திரும்பிப் போயிருந்தாள். குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று அவளிடம் போனில் கேட்டபோது, கனமான கோட்டை அங்கே வாங்கிக்கொள், விமானத்திலிருந்து இறங்கிப் போட ஒரு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துவா என்றாள். செப்டம்பர் மாதத்து வெயிலில் பூர்ணிமாவும் அஞ்சலாட்சியும் நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். குளிர்காலத்தில் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் நேபாளத்துக்காரர்கள் டிசம்பரில்தான் வருவார்களாம். ஒரு கடையில் ரெயின்கோட்டை எடுத்துக் காட்டினார்கள். ஒரு கடையில், போன வருட மிச்சம் என்று பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினார்கள். எல்லாம் குழந்தைகள் அளவு.

"இப்ப யாரு கேக்கறாங்க இதை?" என்றார் கடைக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எந்த ஊருக்கு?"

பூர்ணிமா ஊரைச் சொன்னாள். எதிர்வரிசையில் ஒரு கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். அம்மா களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோக்களுக்கு நடுவே வழி பார்த்துப் பூர்ணிமா தெருவைக் கடந்தாள்.